கிரில் தோட்டமும் குன்னூர்க் குச்சிகளும்

மும்பை லோக்கல் ரயிலில் கடல் தெரியும் என்று ஜன்னலோரம் இடம் பிடிக்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். தெரிவதெல்லாம் கிரில்தான். சென்ட்ரல் லைனோ ஹார்பர் லைனோ, தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் கட்டடங்களில் முக்கால்வாசி ஜன்னல்களுக்கு வெளியே ஒன்றரை அடி, இரண்டடி துருத்திக்கொண்டு ஒரு இரும்புக் கூண்டு. காலி சிலிண்டர், ஓட்டாத சைக்கிள், துடைப்பம், காயப்போட்ட துண்டு, வெயிலில் வைத்த ஊறுகாய் ஜாடி எல்லாம் அதற்குள்தான். மிச்சம் இருக்கிற இடத்தில் செடி. ஒரு ஹாலும் அடுப்படியும் மட்டுமே வீடாக இருக்கும் ஊரில் கொல்லை, முற்றம், மொட்டைமாடி மூன்றுக்கும் சேர்த்து இந்தக் கூண்டு ஒன்றுதான்.

நிமிர்ந்து வளரும் செடி இதற்குள் சீக்கிரமே மேல்கம்பியில் முட்டிக்கொள்ளும். தொங்கும் செடிக்கு அந்தத் தொல்லை இல்லை. கம்பிக்கு வெளியே இறங்கி, யாருக்கும் சொந்தமில்லாத காற்றில் தனக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொள்ளும். மும்பைவாசிகள் மணி பிளாண்ட் மீது இவ்வளவு பிரியமாக இருப்பதற்கு அதிர்ஷ்டத்தை விட இதுதான் காரணமாக இருக்கவேண்டும்.

ஜனவரியில் நான் செம்பூர் போனதும் ஒரு தொங்கும் செடியை முன்னிட்டுத்தான். பெரியம்மா கல்யாணமாகி பம்பாய் போனவள். ஊர் பெயர் மாறிய பிறகும் பம்பாய் என்றுதான் சொல்வாள். “வரச்சே அந்தத் தொங்கற ஜெரேனியத்துல நாலு குச்சி ஒடிச்சிண்டு வா” என்று போனில் உத்தரவு. குன்னூரில் எங்கள் வீட்டுத் தடுப்புச் சுவரில் அது கேட்பாரற்று வழிந்து கிடக்கிறது. ஐவி ஜெரேனியம் என்பார்கள். வட்ட இலையில் பழுப்பு வளையம் போட்டு நிமிர்ந்து நிற்கும் சாதாரண ஜெரேனியம் வேறு, இது வேறு. இதன் இலை ஐந்து முனையோடு தடிப்பாக, மெழுகுப் பளபளப்போடு இருக்கும். தண்டு மூன்றடி வரை நீண்டு தொங்கும். கணுவில் கொஞ்சம் அழுத்தினாலே மளுக்கென்று ஒடியும். பூ வெள்ளை, ரோஸ், சிவப்பு, இளம் ஊதா. மேல் இதழ்கள் இரண்டிலும் கருஞ்சிவப்பாகக் கோடு ஓடியிருக்கும்.

நுனிக் கிளைகளாகப் பார்த்து நாலு விரல் நீளத்துக்குக் கணுவுக்குக் கீழே பிளேடால் வெட்டி, அடி இலைகளையும் மொட்டுகளையும் கிள்ளிப்போட்டு, நியூஸ்பேப்பரில் சுற்றினேன். ஈரத்துணி கிடையாது, பிளாஸ்டிக் பையும் கிடையாது. ரோஜாக் குச்சியை அப்படிக் கொண்டுபோனால் கருகிவிடும். ஜெரேனியத்தின் தண்டில் சதை அதிகம். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு நட்டால் அழுகல் குறையும். கோயம்புத்தூரிலிருந்து குர்லா போகும் ரயில் வழியெல்லாம் எடுத்துக்கொள்ளும் நேரம் அதற்குத் தாராளமாகப் போதும். இந்த ஒரு பயணத்தில்தான் ரயில் மெதுவாகப் போவதைப் பற்றி நான் குறைபடவில்லை.

பெரியம்மா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, ஃபிரிட்ஜின் தலையில் வைத்தாள். “தொட்டி வேணுமே. பிளாஸ்டிக் வேண்டாம். கும்பார்வாடா போய்ட்டு வா. அப்படியே மாதுங்கால இறங்கிப் பூவும் வாழைக்குருத்தும் வாங்கிண்டு வந்துடு, பொங்கல் வருது.” காலையில் செம்பூரில் ஹார்பர் லைன் ஏறி, குர்லாவில் சென்ட்ரலுக்கு மாறினேன். குர்லாவில் ரயில் மாறுவதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், இப்போது வேண்டாம். சயன், அதற்கடுத்து மாதுங்கா. 2017 முதல் டிக்கெட் கவுண்டர், அறிவிப்பு, பாதுகாப்பு என்று முழுக்கப் பெண்களே நடத்தும் ஸ்டேஷன் இது. வெளியே வந்த கையோடு மல்லிகை மணம்.

மாதுங்காவின் தெருக்களில் நடப்பவருக்கு அது மும்பையின் மற்ற பகுதிகளை விட அகலமாகத் தோன்றும். அதற்குப் பிளேக் ஒரு காரணம். 1896இல் பம்பாயைப் பிளேக் உலுக்கியது. காற்றும் வெளிச்சமும் இல்லாத சந்துகளே நோய்க்கு வீடு என்று முடிவு கட்டி, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட்டை அமைத்தார்கள். தாதர்–மாதுங்கா பகுதி அந்த டிரஸ்ட் வரைபடம் போட்டு உருவாக்கியது: நேர்த் தெருக்கள், கட்டடங்களுக்கு நடுவே இடைவெளி, ஐந்து தோட்டங்களைச் சேர்த்து ஃபைவ் கார்டன்ஸ். அந்தக் காலியிடங்களில் பிற்பாடு எழுந்த இரண்டு, மூன்று மாடி வீடுகளுக்கு வளைந்த முகப்போடு திறந்த பால்கனிகள் வைத்தார்கள். ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் குமாஸ்தா, ஸ்டெனோ வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள் அந்த வீடுகளில் குடியேறினார்கள். 1923இல் ஆஸ்திக சமாஜம், 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் என்று கோயிலும் பள்ளிக்கூடமும் வந்தன. பால்கனியில் துளசி மாடம் வந்தது. பிள்ளைகள் பெருகியதும் பல பால்கனிகள் அறைகளாக அடைபட்டன. துளசி கிரில்லுக்குப் போனது. இன்றும் அந்தப் பழைய வளைவுகளில் ஒன்றிரண்டு திறந்தே இருக்கின்றன. ஒரு வீட்டில் முதல் மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை இரங்கூன் மல்லி இறங்கியிருந்ததைக் கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

கடைத்தெருவில் பூக்காரம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வாழையிலையில் மல்லிச் சரம், கதம்பம், மரிக்கொழுந்து, அறுகம்புல், ஈரச்சாக்குக்கு அடியில் வெற்றிலை. பக்கத்திலேயே ஒருவர் தள்ளுவண்டியில் பூச்செடி விற்கிறார்: பெட்டூனியா, டேலியா, கறுப்புப் பாலிதீன் பையில் ஜெரேனியம். நான் அவரிடம் விலை விசாரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பூக்காரம்மா, சரம் தொடுக்கும் கையை நிறுத்தாமலே கேட்டார்: “அந்தப் பூவை வாங்கி என்ன செய்வீங்க தம்பி? தலையில வைக்க முடியாது. சாமிக்கு வைக்க முடியாது. மோந்து பாருங்க, ஒண்ணும் இருக்காது.”

அவர் சொன்னதில் பிழை கிடையாது. ஐவி ஜெரேனியத்தின் பூவில் மணம் என்று சொல்ல எதுவும் இல்லை. இலையைக் கசக்கினால் லேசாகப் பச்சை வாடை வரும், அவ்வளவே. மணக்கிற ஜெரேனியம் இன்னொரு இனம். அதன் இலையிலிருந்து எண்ணெய் காய்ச்சி வாசனைத் திரவியத்துக்கு அனுப்புகிறார்கள், நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அதைப் பயிராகவே போட்டிருக்கிறார்கள். நம் வீடுகளில் செடி வளர்ப்பு பெரும்பாலும் பயனை ஒட்டியது. துளசி, கறிவேப்பிலை, கற்பூரவல்லி, மல்லி என்று ஒவ்வொன்றுக்கும் அடுப்படியிலோ பூஜை அறையிலோ தலையிலோ ஒரு வேலை இருக்கும். பார்ப்பதற்கென்றே தொங்கவிடும் செடி நமக்கு மலைவாச பங்களாக்கள் வழியாக வந்த பழக்கம்.

அந்த பங்களாக்காரர்களுக்கும் அது வந்த செடிதான். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி அதன் தாய்மண். அங்கே அது தொங்குவதில்லை; வறண்ட புதர்க்காடுகளில் பக்கத்துச் செடிகளின் மேல் கைபோட்டு ஏறுகிறது. இலைச் சாற்றைத் தொண்டைவலிக்குக் குடிக்கும் வழக்கம் அங்கே உண்டு. பூக்காரம்மாவிடம் இதைச் சொல்லியிருந்தால் செடிக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும். கேப் கவர்னராக இருந்த வில்லெம் அட்ரியான் வான் டெர் ஸ்டெல் 1700இல் அதை ஹாலந்துக்கு அனுப்பினார். பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவி, ஸ்விட்சர்லாந்து, ஆஸ்திரியா மலைக் கிராமங்களின் மரவீட்டு ஜன்னல்களுக்கு அடையாளமே அதுதான் என்றாகிவிட்டது. தாவரவியல்காரர்கள் 1789 முதல் இதைப் பெலர்கோனியம் என்ற தனிப் பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். நர்சரிக்காரர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் போட்டுக்கொள்ளப் போவதில்லை.

மாதுங்காவிலிருந்து ரயில் பாதைக்கு மேற்கே போனால் தாராவி. பெரியம்மா சொன்ன கும்பார்வாடா அதற்குள்தான். நாயகனும் காலாவும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு முதலில் கொஞ்சம் குழப்பமாக இருக்கும். அந்த இரண்டு படங்களின் தாராவியும் பெரும்பகுதி சென்னையில் போட்ட செட். நிஜத் தாராவியில் 90 அடி ரோட்டில் இறங்கியதும் தமிழ்ப் பலகைகள், காமராஜர் பெயரில் பள்ளிக்கூடம், பிள்ளையார் கோயில். தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். டீக்கடையில் “அண்ணாச்சி, தொட்டி வாங்கணும்னா எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். “பொங்கப் பானையா, பூந்தொட்டியா? ரெண்டும் ஒரே எடந்தான். புகை வார தெசையில போங்க” என்றார்.

புகைதான் வழிகாட்டி. கும்பார்வாடாவில் இருப்பவர்கள் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள். நகரம் வளர வளரத் தெற்கேயிருந்து தள்ளப்பட்டு, 1930களில் தாராவியில் நிலைத்தார்கள். சந்துக்குள் நுழைந்தால் வீடும் பட்டறையும் ஒன்றாகவே இருக்கின்றன. முன்பக்கம் கடை, நடுவில் மோட்டாரில் சுழலும் சக்கரம், பின்பக்கம் பல குடும்பங்களுக்கும் பொதுவான செங்கல் சூளை. சூளைக்கு விறகு குறைவு, பஞ்சுக் கழிவும் துணிக் கழிவும்தான் எரிகின்றன; அதனால் புகை கறுத்துக் கண்ணைக் கரிக்கும். தாராவி மறுசீரமைப்புத் திட்டம் வந்தால் அடுக்குமாடியில் சூளையை எங்கே வைப்பது என்பதுதான் இங்கே எல்லோருடைய கேள்வியும். மாடி வீட்டுக்குச் சாவி தரலாம். இருபதாவது மாடியில் பானை சுட முடியாது.

பொங்கலுக்கு இரண்டு நாளே இருந்தது. தெருவோரம் பானைகள் குவிந்திருந்தன. தைப்பொங்கலன்று தாராவித் தமிழ்ப் பெண்கள் வீதியிலேயே வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பார்கள். குஜராத்திக் குயவரின் பானையில் திருநெல்வேலிப் பொங்கல் பொங்கும். பானை வாங்க வந்திருந்த ஒரு அம்மாள் ஒவ்வொன்றையும் இடதுகை விரல்களில் ஏந்தி, வலது நடுவிரல் முட்டியால் தட்டிக் காதருகே கொண்டுபோனார். கணீர் என்றால் எடுத்து வைத்தார். சொத்தென்று கேட்டால் கீழே. கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ஓசை செத்துவிடும். பூந்தொட்டிக்கும் அதே பரீட்சைதான். நானும் அப்படியே தட்டித் தட்டி எடுத்தேன்.

விளிம்பில் மூன்று துளையிட்ட தொங்கும் தொட்டிகள் இருந்தன. சுவரை ஒட்டி மாட்டும் அரைவட்டத் தொட்டிகளும் இருந்தன. அழகுக்காகச் செதுக்கிய சிலவற்றில் அடித்துளை இல்லை. அதைக் காட்டியதும் குயவர் சிரித்தார். “டிசைன் பீஸ் சாப், உள்ளே பிளாஸ்டிக் தொட்டியை வைப்பார்கள்” என்று ஹிந்தியில் சொன்னார். துளையில்லாத தொட்டி ஜெரேனியத்துக்குச் சவக்குழி. ஈர மண்ணிலேயே குத்தினால் துளை சுலபம். சுட்ட பிறகு டிரில்தான், பாதி நேரம் தொட்டி பிளந்துவிடும். மழைக்காலத்தில் இங்கே வேலை மந்தமாகிவிடும் என்றும் சொன்னார். வனைந்தது காயாது, காயாததைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தொட்டிக்கு என்ன பகையோ அதே பகைதான் செடிக்கும் என்பது எனக்கு அந்தச் சந்தில் வைத்துத்தான் உறைத்தது.

மண் தொட்டி வேண்டும் என்று பெரியம்மா பிடிவாதம் பிடித்ததில் விஷயம் இருக்கிறது. சுட்ட மண்ணில் நுண்துளைகள் உண்டு. பக்கச் சுவர் வழியாக ஈரம் ஆவியாகி வெளியே போகும். வேருக்குக் காற்று கிடைக்கும். கடற்காற்றில் எதுவுமே லேசில் காயாத ஊரில் இந்த ஒரு குணம் பாதிச் செடியைக் காப்பாற்றும். பாதகம் எடை. நனைந்த மண்ணோடு சேர்த்து ஒரு நடுத்தரத் தொட்டியே நாலைந்து கிலோ இழுக்கும், கிரில் கம்பியோ உப்புக்காற்றில் துருப்பிடித்தது. மாட்டுவதற்கு முன் கம்பியை ஆட்டிப் பார்ப்பதும், கொக்கி போதாதென்று கட்டுக்கம்பியால் ஒரு சுற்றுச் சுற்றுவதும் மூன்றாவது மாடிக்காரரின் கடமை. கீழே நடைபாதையில் ஆள் போகிறது.

திரும்பும் வழியில் சந்துகளின் தலைக்கு மேல் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏணி வைத்து ஏறும் மாடி வீடுகளின் தகரக் கூரை ஓரங்களில் பெயின்ட் டப்பா, எண்ணெய் டின், உடைந்த பக்கெட். அவற்றில் துளசி, கற்பூரவல்லி, நித்தியகல்யாணி, சரம் சரமாகப் பத்துமணிப் பூ. டின்களின் அடியில் ஆணியால் துளை போட்டிருந்தார்கள். தோட்டக்கலைப் புத்தகம் எதுவும் அதற்கு மேல் சொல்லித்தரப் போவதில்லை. தாராவியின் விளிம்பில், மித்தி ஆற்றங்கரையில் 37 ஏக்கரில் ஒரு காடு இருக்கிறது, மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. நகரத்தின் குப்பைமேடாக இருந்த இடத்தில் மண் கொட்டி மரம் வைத்து 1994இல் திறந்தார்கள். நான் போனபோது மூடும் நேரம், வாசலோடு திரும்பினேன்.

செம்பூர் வந்து சேர்ந்ததும் தொட்டிகளை நேரே தண்ணீர்ப் பக்கெட்டில் இறக்கினாள் பெரியம்மா. காய்ந்த புதுத் தொட்டியில் அப்படியே நட்டால் மண்ணில் ஊற்றுகிற தண்ணீரைத் தொட்டியே உறிஞ்சிக்கொள்ளும். குமிழி விடுவது நின்ற பிறகு எடுத்து நிழலில் கவிழ்த்தாள். மண் விலைக்கு வாங்கியது, சாக்கு மூட்டையில் வந்த சிவப்பு மண். கூடவே செங்கல் வடிவத்தில் ஒரு தென்னை நார்க்கழிவுக் கட்டி. உறையைத் திருப்பிப் பார்த்தால் பொள்ளாச்சி. எங்கள் ஊரிலிருந்து மலையிறங்கிக் கொஞ்சம் தள்ளிப் போனால் வரும் ஊரின் சரக்கு, எனக்கு முன்பே செம்பூர் வந்து காத்திருக்கிறது.

நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அதைக் கலவையில் கால் பங்குக்கு மேல் போகவிடக் கூடாது. சிவப்பு மண் ஒரு பங்கு, கரடு மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு என்று கலந்தோம். குச்சி வேர் பிடிக்க உரம்கூட வேண்டாம், வெறும் மணலும் நார்க்கழிவும் போதும் என்று சின்னத் தொட்டிகளில் தனியாக நட்டோம். ஒரு கணு மண்ணுக்குள், ஒரு கணு மேலே. முதல் தண்ணீர் நன்றாக, அதற்குப் பிறகு மேல்மண் காய்ந்தால்தான். வேர்விட மூன்று, நான்கு வாரம். வெயில் படாத, வெளிச்சம் உள்ள இடம். இழுத்துப் பார்க்கக் கூடாது. புது இலை ஒன்று தலை காட்டினால் வேர் வந்துவிட்டது என்று பொருள். பிறகு மூன்று, நான்கு கணு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடவேண்டும். கிள்ள மனம் வராதவர்களின் ஜெரேனியம் ஒற்றைச் சாட்டையாக நீண்டு, நுனியில் மட்டும் நாலு பூ காட்டும். கிள்ளினால் பக்கக் கிளைகள் வந்து தொட்டியின் விளிம்பு முழுவதும் வழியும்.

எந்த கிரில்லில் மாட்டுவது என்பதில் எங்களுக்குள் வாதம். கிழக்குப் பார்த்த படுக்கையறை கிரில், காலை வெயில் வருகிறது, அதுதான் சரி என்றேன். பெரியம்மா அடுப்படியின் தெற்குக் கிரில்லைக் காட்டினாள். யோசித்தால் அவள் கணக்கு என்னுடையதை விட நுட்பமானது. மும்பை 19 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். தெற்குக் கிரில்லில் நாள் முழுக்க வெயில். மே, ஜூனில் சூரியன் தலைக்கு மேலேயும், அதைத் தாண்டி வடக்கேயும் நகர்ந்துவிடும். அப்போது அதே கிரில் நிழலாகிவிடும். குளிரில் வெயிலும் கோடையில் நிழலும் கேட்கிற செடிக்கு இதை விட வேறென்ன வேண்டும்? மேற்குக் கிரில் மட்டும் ஆகாது. மார்ச் பிறந்தால் மத்தியான வெயில் சுவரையும் சேர்த்துச் சுடும்.

போன வருஷம் வாங்கிய பழைய ஜெரேனியம் ஒன்று அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் இலையைத் திருப்பிக் காட்டி, “பூச்சியா பார்” என்றாள். அடிப்புறத்தில் கடுகளவு கொப்புளங்கள், சில பழுப்பாகிச் சொரசொரப்பாக, விரலில் தக்கையாகத் தட்டுப்பட்டன. பார்த்தவுடன் யாரும் மருந்துதான் தேடுவார்கள். மருந்து வேண்டாம், இது நோயே இல்லை. மண் ஈரமும் வெதுவெதுப்புமாக இருந்து, காற்றிலும் ஈரப்பதம் மிகுந்து, வானமும் மூடியிருந்தால் வேர் உறிஞ்சுகிற தண்ணீரை இலையால் வெளிவிட முடியாது. இலைக்குள் செல்கள் உப்பி வெடிக்கும், வெடித்த இடம் காய்ந்து தக்கையாகும். தொங்கும் ஜெரேனியத்துக்கு இது நிமிர்ந்த வகையை விட அதிகம் வரும். வைத்தியம், தண்ணீரைக் குறைத்துக் காற்று படவிடுவது. மாவுப்பூச்சி விஷயம் வேறு. அது கணுவிடுக்கில் வெள்ளைப் பஞ்சாக உட்காரும். வேப்பெண்ணெயில் துளி சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம் தெளிக்கலாம்.

தண்ணீர் பற்றிப் பெரியம்மாவுக்கும் செடிக்கும் நடுவே மூன்றாவது ஆளாக ஹவுசிங் சொசைட்டி இருக்கிறது. தொட்டியிலிருந்து சொட்டும் சேற்றுத் தண்ணீர் கீழ்வீட்டுக்காரியின் துணியில் விழுகிறது, எல்லோரும் அடியில் தட்டு வைக்கவேண்டும் என்று லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ். தட்டு வைத்தால் மாநகராட்சிப் பூச்சித் தடுப்பு ஆட்கள் வருவார்கள். செடித்தட்டில் தேங்கும் தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது என்று மழைக்கு மழை வீடு வீடாகப் பார்க்கிறார்கள். ஜெரேனியமோ தட்டுத் தண்ணீரில் நின்றால் தண்டு அடியில் கறுத்துச் சாயும். மூன்று பேருக்கும் தீர்வு ஒன்றுதான், அதைப் பெரியம்மா எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள். பால் வாங்கும் நேரத்தில், யாரும் துணி காயப்போடாதபோது, காபி டம்ளரால் மெல்ல ஊற்றுவது. காபி இறங்குகிற நேரத்துக்குள் தட்டுக்கு வந்ததைத் துளசிக்கு மாற்றுவது. விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் அன்றைக்கு டம்ளரே வெளியே வராது. ஜெரேனியம் தாகத்தால் சாவது அபூர்வம். பிரியத்தால்தான் சாகிறது.

உரத்துக்கு வெளியே எங்கும் போகவேண்டியதில்லை. செம்பூர்–டிராம்பே பக்கத்து ஆலைதான் நாடு முழுக்க சுஃபலா 15:15:15 மூட்டைகளை அனுப்புகிறது. அந்த ஆலையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் சேர்ந்துதான் செம்பூருக்குக் கேஸ் சேம்பர் என்ற பட்டப்பெயரையும் வாங்கித் தந்தன. நாலைந்து குருணையை ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்து, பூக்கும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஊற்றினால் போதும். யூரியா போட்டால் இலை தழைக்கும், பூ வராது. உதிர்ந்த பூங்கொத்தைக் காம்போடு, அது தண்டைச் சேருமிடத்தில் பக்கவாட்டில் மடக்கினால் சுத்தமாக உடைந்து வரும். அதைச் செய்யச் செய்ய அடுத்த மொட்டு வரும். புறா முட்டையிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பது கேப் டவுனிலும் ஆல்ப்ஸிலும் யாரும் எழுதாத விதி. மும்பையில் அரைவட்டத் தொட்டி காலியாக இருந்தால் ஒரே வாரத்தில் குச்சிகளோடு கூடு கட்டிவிடும்.

இத்தனையும் செய்தாலும் இந்தச் செடி மும்பையில் குளிர்கால விருந்தாளிதான். ஜனவரி இரவுகள் 17 டிகிரிக்கு வரும்போது குன்னூர் என்று நினைத்துக்கொண்டு பூக்கும். ஏப்ரலில் இரவிலும் புழுக்கம் தணியாது. மொட்டு வைப்பதை நிறுத்திவிடும். ஜூன் 11 வாக்கில் பருவமழை வந்துவிட்டால் நான்கு மாதத்தில் இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். ஜூலை ஒரு மாதத்தில் மட்டும் கொட்டுவது சென்னையின் வருஷ மழையில் பாதிக்கு மேல். வறண்ட புதர்க்காட்டில் பிறந்த செடி அதைத் தாங்காது. என்ன பாடுபட்டாவது வருஷம் முழுக்க வைத்திருந்தே தீருவேன் என்று கங்கணம் கட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தேவையில்லாத பிடிவாதம் என்பது என் எண்ணம். ஊருக்கு ஊர் செடி உண்டு. மழையில் மணி பிளாண்ட்டும் கற்பூரவல்லியும், மார்ச் முதல் மே வரை வெயிலைக் குடித்துப் பூக்கும் பத்துமணிப் பூவும் அதே கம்பியில் முறை வைத்துத் தொங்கலாம். விடவே மனமில்லை என்றால் மே கடைசியில் நாலு குச்சி வெட்டி, மழைச்சாரல் படாத உள்ஜன்னலில், ஏறக்குறைய காய்ந்த மணலில் வைத்து, பிழைத்ததை நவம்பரில் வெளியே எடுக்கலாம்.

கிளம்புகிற அன்று இதைப் பெரியம்மாவிடம் நீட்டி முழக்கிச் சொன்னேன். எந்தக் குச்சியை எந்த மாதம் உள்ளே எடுக்கவேண்டும் என்று காலண்டரில் குறித்தே தருவதாகச் சொன்னேன். அவள் மாதுங்காவிலிருந்து வந்த மல்லிச்சரத்தை அளந்து பிட்டு ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அதெல்லாம் யாருடா பண்ணுவா? மழை வந்தா பிடுங்கிப் போட்டுட்டுத் தொட்டில கற்பூரவல்லி வெப்பேன். தீபாவளி கழிஞ்சு வண்டிக்காரன் வருவான், எம்பது ரூபாய்க்கு ஒண்ணு தருவான். பூவுக்கு ஒரு வாரத்துக்கு எனக்கு அதை விட ஜாஸ்தி ஆறது.”

“அப்புறம் எதுக்குக் குன்னூர்லேந்து குச்சி கேட்டே?”

“நீ வரணும்னுதான்” என்றாள். “அடுத்த தடவை வரச்சே வெள்ளையா இருக்கறதுல ரெண்டு ஒடிச்சிண்டு வா. வண்டிக்காரன் சிவப்பு மட்டுந்தான் கொண்டுவரான்.”